மிதிவண்டிப் பாதுகாப்புக் குறியீடுகள்: ஒரகடம் தொழில் வழித்தடம்

மிதிவண்டிப் பாதுகாப்புக் குறியீடுகள் என்பவை, சாலையில் மிதிவண்டி ஓட்டுவோரைப் பாதுகாக்கவும் அவர்களுக்கு வழிகாட்டவும் நிறுவப்படும் பலகைகள், தரைக்கோடுகள், எதிரொளிர்ப்பான்கள் ஆகியவற்றைக் குறிக்கும். மிதிவண்டி கடக்கும் இடத்தை அறிவிக்கும் முக்கோணப் பலகை, மிதிவண்டித் தடத்தைக் காட்டும் நீல வட்டப் பலகை, தரையில் தீட்டப்படும் மிதிவண்டிப் படம் ஆகியவை இவற்றுள் அடங்கும். பேச்சு வழக்கில் இவை யாவும் 'சைக்கிள் போர்டு' என்றே சொல்லப்படுகின்றன. இவற்றின் அமைப்பு, பொருத்தும் இடம், பயன், எல்லை ஆகியவற்றை, தமிழ்நாட்டின் முதன்மையான வாகன உற்பத்திப் பகுதிகளுள் ஒன்றான ஒரகடத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

ஒரகடம் சென்னைக்குத் தென்மேற்கே காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் (மாநில நெடுஞ்சாலை 48) சிங்கப்பெருமாள்கோவில்–திருப்பெரும்புதூர் சாலையும் (மாநில நெடுஞ்சாலை 57) இங்கு ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. 2010 மார்ச்சில் ரெனோ–நிசான் மகிழுந்து ஆலையும், 2012 ஏப்ரலில் டைம்லர் நிறுவனத்தின் பாரத் பென்ஸ் சரக்குந்து ஆலையும், 2013இல் ராயல் என்பீல்டு ஆலையும் இப்பகுதியில் இயங்கத் தொடங்கின. அவற்றைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்சாலைகள் பெருகின. சாலைகள் பல தடங்களுடனும் மையத் தடுப்புடனும் அகலப்படுத்தப்பட்டன. ஏறத்தாழ 133 கி.மீ. நீளமுள்ள சென்னை எல்லைச் சாலைத் திட்டமும் திருப்பெரும்புதூர்–சிங்கப்பெருமாள்கோவில் வழியைத் தன் பகுதியாகக் கொண்டுள்ளது. எனவே வருங்காலத்தில் சரக்குப் போக்குவரத்து குறைவதற்கு வாய்ப்பில்லை.

இதே சாலைகளை உள்ளூர் மக்களும் பயன்படுத்துகின்றனர். ஏரிப்பாசன வயல்களும் சிற்றூர்களும் இருந்த நிலப்பரப்பில்தான் தொழிற்பேட்டைகள் எழுந்தன. முன்பு ஊருக்கும் வயலுக்கும் இடையே ஓடிய குறுகிய சாலை, இன்று கன்டெய்னர் லாரிகளும் மகிழுந்து ஏற்றிச் செல்லும் நீண்ட டிரெய்லர்களும் ஓடும் நெடுஞ்சாலை. வாடகை அறையிலிருந்து ஷிப்டு வேலைக்குச் செல்லும் தொழிலாளி, மேல்நிலைப் பள்ளிக்குச் செல்லும் மாணவி, பால் ஊற்றச் செல்பவர், கோயிலுக்குச் செல்பவர் என மிதிவண்டியை நம்பியிருப்போர் அந்தச் சாலையைத் தவிர்க்க முடிவதில்லை.

மாணவர்களின் நிலை இதில் தனியாகக் கவனிக்கத்தக்கது. தமிழ்நாடு அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001–02 கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்காகத் தொடங்கியது. பின்னர் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிற மாணவ மாணவியருக்கும் விரிவாக்கப்பட்டது. 11ஆம் வகுப்பில் வண்டி கைக்கு வருகிறது. ஆனால் அந்த வண்டி ஓடவேண்டிய சாலையில் அதற்கென ஓர் இடமும் அறிவிப்பும் இருக்கின்றனவா என்பது ஊருக்கு ஊர் வேறுபடுகிறது.

மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டு தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள் பதிவாயின. எண்ணிக்கையில் நாட்டிலேயே இதுதான் முதலிடம். உயிரிழப்பில் உத்தரப் பிரதேசத்திற்கு அடுத்ததாக, 17,884 பேருடன் தமிழ்நாடு இரண்டாம் இடத்தில் இருந்தது.

குறியீடுகளின் வகைகள்

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் முதல் அட்டவணை சாலைக் குறியீடுகளை மூன்றாகப் பிரிக்கிறது. கட்டாயக் குறியீடுகள் பெரும்பாலும் வட்ட வடிவில் இருக்கும். அவற்றை மீறுவது குற்றம். எச்சரிக்கைக் குறியீடுகள் சிவப்பு விளிம்புள்ள முக்கோணங்கள். தகவல் குறியீடுகள் பெரும்பாலும் நீலச் செவ்வகங்கள். இந்த வடிவ மொழி 1968ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் வழி பல நாடுகளுக்கும் பொதுவானது.

மிதிவண்டியைப் பொறுத்தவரை மூன்று பலகைகள் முக்கியமானவை. சிவப்பு வட்டத்துக்குள் மிதிவண்டிப் படம் இருந்தால், அச்சாலையில் மிதிவண்டிக்கு அனுமதி இல்லை என்று பொருள். நீல வட்டத்தில் வெள்ளை மிதிவண்டி இருந்தால் அது மிதிவண்டிக்குரிய தடம். சிவப்பு விளிம்பு முக்கோணத்துக்குள் மிதிவண்டி இருந்தால், முன்னே மிதிவண்டிகள் சாலையைக் கடக்கும் என்று எச்சரிக்கை. முதல் இரண்டும் ஒரே படத்தைக் கொண்டவை. பொருளை வேறுபடுத்துவதில் நிறத்துக்குப் பெரும்பங்கு உண்டு. வெயிலில் சாயம் வெளுத்த பலகை ஆபத்தாவது இதனால்தான்.

பலகைகளின் அளவு, நிறம், பொருத்தும் முறை ஆகியவற்றை இந்தியச் சாலைப் பேராயத்தின் ஐஆர்சி 67 விதித்தொகுப்பும், தரைக்குறியீடுகளை ஐஆர்சி 35 தொகுப்பும் வரையறுக்கின்றன. ஐஆர்சி 67 தொகுப்பு 2012இலும் 2022இலும் திருத்தப்பட்டது.

பலகை யாருக்காக?

மிதிவண்டிப் பலகை மிதிவண்டி ஓட்டுபவருக்கானது என்பது பரவலான எண்ணம். வழிகாட்டும் பலகைக்கு அது பொருந்தும். பாதுகாப்புப் பலகைக்குப் பொருந்தாது. சாலை ஆபத்தானது என்பது மிதிவண்டியில் செல்பவருக்கு ஏற்கெனவே தெரியும். வேகத்தையும் எடையையும் கட்டுப்படுத்தக்கூடியவர் கனரக வாகன ஓட்டுநர். ஆகவே நல்ல பாதுகாப்புப் பலகை அவரிடம் பேசுகிறது: எந்த இடத்தில், யார் வருவார்கள், அவர் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றையும் அது சொல்கிறது.

இதைத் தெளிவாக்கும் அனுபவம் அமெரிக்காவில் உள்ளது. மிதிவண்டிப் படத்துக்குக் கீழே 'சாலையைப் பகிர்ந்துகொள்வீர்' என்ற வாசகம் அங்கு நெடுங்காலம் பயன்பட்டது. மிதிவண்டிக்கு இடம் விட வேண்டும் என்று சிலர் அதைப் புரிந்துகொண்டனர்; மிதிவண்டிதான் ஓரமாக ஒதுங்க வேண்டும் என்று வேறு சிலர் எடுத்துக்கொண்டனர். இந்தக் குழப்பத்தால் டெலவேர் மாநிலம் 2013இல் அப்பலகையைக் கைவிட்டது. 'மிதிவண்டிகள் முழுத் தடத்தையும் பயன்படுத்தலாம்' என்ற வாசகமே விதியைத் தெளிவாக உணர்த்துகிறது என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது.

தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் காணும் 'கவனமாகச் செல்லவும்', 'மிதவேகம் மிக நன்று' போன்ற பொது அறிவுரைகளும் இதே குறையை உடையவை. அவை எந்த இடத்துக்கும் பொருந்துவதால் எந்த இடத்தையும் குறிப்பதில்லை. 'சைக்கிள் கடக்குமிடம் – 120 மீ' என்ற பலகை ஓட்டுநருக்கு ஒரு குறிப்பிட்ட செயலைத் தருகிறது.

வேகமும் தொலைவும்

பலகை எங்கே நிற்க வேண்டும் என்பதை வாகனத்தின் வேகமே முடிவு செய்கிறது. ஆபத்தைக் கண்டு, உணர்ந்து, பிரேக் பிடித்து வண்டி நிற்கும் வரை கடக்கும் தூரம் 'நிறுத்தப் பார்வைத் தொலைவு' எனப்படும். இந்தியச் சாலைப் பேராயத்தின் வரையறைப்படி அது மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் 45 மீட்டர், 60 கி.மீ. வேகத்தில் 80 மீட்டர், 80 கி.மீ. வேகத்தில் 120 மீட்டர், 100 கி.மீ. வேகத்தில் 180 மீட்டர்.

கடப்பவரின் பக்கமிருந்தும் கணக்கிடலாம். ஒரு திசையில் மூன்று தடங்கள் உள்ள சாலையில், தடத்துக்கு 3.5 மீட்டர் வீதம், மையத் தடுப்பு வரை 10.5 மீட்டர். மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு அதைக் கடக்க ஏறத்தாழ 9 விநாடி ஆகும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் லாரி அந்த 9 விநாடியில் 200 மீட்டர் வந்துவிடும். அதாவது, கடக்கத் தொடங்கும்போது தொலைவில் புள்ளியாகத் தெரிந்த லாரி, கடந்து முடிப்பதற்குள் பக்கத்தில் வந்து நிற்கும். கடக்கும் இடத்திலேயே நடப்பட்ட பலகை ஓட்டுநருக்குப் பயன்படாது. அது இருக்க வேண்டியது நிறுத்தத் தொலைவுக்கும் முன்னால்.

பல தடச் சாலையில் இன்னொரு சிக்கல் உண்டு. இடப்புற ஓரத்தில் உள்ள பலகையை அத்தடத்தில் செல்லும் உயரமான கன்டெய்னர் மறைத்துவிடும். உள்தடத்தில் வேகமாக வருபவருக்கு அது தெரியாது. எனவே இத்தகைய சாலைகளில் மையத் தடுப்பிலும் ஒரு பலகை வைப்பது அவசியமாகிறது.

இரவுப் பார்வை

ஷிப்டு முறையில் இயங்கும் பகுதியில் வேலை முடிந்து திரும்புதலும் வேலைக்குச் செல்லுதலும் பாதி நேரம் இருளில் நடக்கின்றன. இரவில் பலகை தெரிவது அதன் மேலுள்ள எதிரொளிர்ப்புத் தாளால்தான். முகப்பு விளக்கின் ஒளியைச் சிதறவிடாமல், வந்த திசையிலேயே வாகனத்துக்குத் திருப்பி அனுப்புவது இத்தாளின் வேலை. கண்ணாடி மணிகள் பதித்த தாள் குறைந்த தரம். நுண்பட்டகங்கள் கொண்ட தாள் அதைவிடப் பல மடங்கு ஒளியைத் திருப்பும். தூசி படிந்தாலும், வெயிலில் தாள் உரிந்தாலும் இத்திறன் குறைந்துவிடும். பகலில் பளிச்சென்று தெரியும் பலகை இரவில் கறுப்புத் தகடாக இருக்கலாம். ஆகவே பலகைகளை இரவில், வாகன விளக்கொளியில் சோதித்துப் பார்ப்பதே சரியான ஆய்வு முறை.

பலகை இடத்தை மட்டுமே அறிவிக்கிறது. ஆளைக் காட்டுவது மிதிவண்டியில் உள்ள எதிரொளிர்ப்பான். மிதிவண்டி எதிரொளிர்ப்பான்களுக்கு இந்தியத் தரநிலையைக் கட்டாயமாக்கும் ஆணையை மத்திய அரசு 2020இல் வெளியிட்டது. பழைய வண்டிகளில் உடைந்துபோன பின்பக்கச் சிவப்பு வில்லையை மாற்றுவது மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் பாதுகாப்பு.

மொழியும் படமும்

ஒரகடம் பகுதியில் தமிழ் மட்டும் வாசிப்போர், பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு, மேற்கு வங்கம், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்து தமிழ் வாசிக்க இயலாத தொழிலாளர்கள், தொலைதூர மாநிலங்களிலிருந்து வரும் லாரி ஓட்டுநர்கள் என எல்லோரும் ஒரே சாலையில் உள்ளனர். நான்கு மொழிகளில் எழுதினால் எழுத்துகள் சிறுத்து எவருக்கும் தெரியாமல் போகும். இதற்குத் தீர்வு படக்குறியீடு. வடிவம், நிறம், படம் ஆகிய மூன்றாலேயே பொருள் விளங்கும்படி இருக்க வேண்டும். சொற்கள் துணைப்பலகையில் வந்தால் போதும்.

தமிழ் வாசகத்துக்குத் தனிக் கவனம் தேவை. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'மிதிவண்டி ஓட்டுநர்கள் சாலையைக் கடக்கும் பகுதி, மெதுவாகச் செல்லவும்' என்பதை ஓடும் வண்டியிலிருந்து படிக்க நேரம் போதாது. 'சைக்கிள் கடக்குமிடம்' என்பதை ஒரு பார்வையில் படித்துவிடலாம். மெய்யெழுத்தின் புள்ளியும் கொம்பும் சுழியும் தொலைவில் முதலில் மங்குபவை; கோடு மெலிந்த அலங்கார எழுத்துருக்கள் இதை மேலும் மோசமாக்கும். தடித்த, இடைவெளி விட்ட எழுத்தே சாலைக்கு ஏற்றது. மக்கள் வழக்கில் உள்ள 'சைக்கிள்' என்ற சொல்லே பலகையில் விரைவாகப் புரியும்.

குறியீடு தேவைப்படும் இடங்கள்

மிதிவண்டி விபத்துக்கான வாய்ப்பு சாலை முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. அது சில இடங்களில் குவிகிறது.

மையத் தடுப்பின் இடைவெளிகள்: மையத் தடுப்பு வந்தபின், எதிரே இருக்கும் கடைக்கோ வாயிலுக்கோ செல்ல அடுத்த இடைவெளி வரை சென்று திரும்ப வேண்டும். மிதித்துச் செல்பவருக்கு அது வீண் சுற்று. விளைவாகப் பலர் எதிர்த்திசையில் சாலையோரமாக வருகின்றனர். 'எதிர்த்திசையில் செல்லாதீர்' என்ற பலகை மட்டும் இதை மாற்றாது. கடக்கும் இடத்தை ஊருக்கு அருகில் அமைத்து, இருபுறமும் எச்சரிக்கைப் பலகையும் தரைக்கோடும் வைத்து, நடுவில் நின்று செல்ல இடம் விடுவதே பயன் தரும்.

தொழிற்சாலை வாயில்கள்: இந்தியாவில் ஓட்டுநர் வலப்புறம் அமர்ந்திருப்பதால், லாரியின் இடப்பக்கத்தில் அவர் கண்ணுக்குத் தெரியாத பெரும்பகுதி உண்டு. இடப்புறம் திரும்பும் டிரெய்லரின் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட உள்வாங்கிச் செல்லும். அந்த இடைவெளியில் ஒட்டிச் செல்லும் மிதிவண்டி சிக்கிக்கொள்கிறது. 3.5 டன்னுக்கு மேற்பட்ட வாகனங்களில் இந்தக் குருட்டுப் பகுதியைக் காட்டும் ஒட்டுப்படத்தை பிரான்சு 2021 சனவரியில் கட்டாயமாக்கியது. வாயிலில் 'இடப்புறம் சைக்கிள் – பார்த்துத் திரும்பவும்' என்று ஓட்டுநருக்கும், 'திரும்பும் லாரியை ஒட்டிச் செல்லாதீர்' என்று மிதிவண்டி ஓட்டுபவருக்கும் என இரு பலகைகள் தேவைப்படும் இடம் இது.

கிளைச்சாலைச் சந்திப்புகள்: சிற்றூர்ச் சாலை நெடுஞ்சாலையில் சேரும் இடத்தில், நெடுஞ்சாலை வாகனங்களுக்கு எச்சரிக்கையும் கிளைச்சாலையில் 'நில்' அல்லது 'வழிவிடு' பலகையும் ஒருசேர இருக்க வேண்டும்.

பள்ளி, பேருந்து நிறுத்தம், விடுதிப் பகுதிகள்: வல்லம்–வடகால் சிப்காட் பூங்காவில் 18,720 பேர் தங்கக்கூடிய பெண் தொழிலாளர் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இத்தகைய குடியிருப்புகள் புதிதாக எழும்போது, நடந்தும் மிதிவண்டியிலும் செல்வோரின் வழிகளும் மாறுகின்றன. முன்பு நடப்பட்ட பலகைகள் பழைய நடமாட்டத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

சாலைப்பணி நடக்கும் இடங்கள்: மாற்றுப்பாதைப் பலகைகள் பெரும்பாலும் மோட்டார் வாகனங்களுக்காகவே எழுதப்படுகின்றன. மிதிவண்டி எந்த வழியே போக வேண்டும் என்பதையும் அவை காட்ட வேண்டும். இல்லையெனில் ஓரம் தோண்டப்பட்டதும் மிதிவண்டி லாரித் தடத்துக்குள் தள்ளப்படும்.

ஏரிக்கரைகளும் ஊர்ப்பாதைகளும்

நெடுஞ்சாலையைத் தவிர்க்க விரும்புவோர் ஏரிக்கரைகளையும் வண்டிப்பாதைகளையும் பயன்படுத்துகின்றனர். காஞ்சிபுரம் மாவட்டம் ஏரிகள் மிகுந்தது என்பதால் இத்தகைய மாற்றுவழிகளுக்குக் குறைவில்லை. உள்ளூர்வாசிக்கு அவை மனப்பாடம். புதிதாக வந்த தொழிலாளிக்கு அவை இருப்பதே தெரியாது. அவர் தெரிந்த வழியான நெடுஞ்சாலையிலேயே செல்கிறார். எனவே வழிகாட்டும் பலகையும் ஒரு பாதுகாப்புப் பலகையே.

இதற்குப் பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணம் ஒரு முன்மாதிரி. நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்த அப்பகுதியில் 1995இல், மிதிவண்டிப் பாதைகள் சந்திக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. ஊர்ப்பெயர்களை வாசிக்கத் தேவையில்லை. எண்களை வரிசையாகத் தொடர்ந்தால் போதும். பின்னர் நெதர்லாந்தும் இம்முறையை ஏற்றது. பல மொழியினர் கலந்து வாழும் தொழிற்பகுதிக்கு எண்முறை எளிதில் பொருந்தும்.

கரைப்பாதைகளில் வேறு வகை எச்சரிக்கைகளும் வேண்டும்: மதகு அருகே பாதை குறுகுதல், கலங்கலில் நீர் வழியும் காலத்தில் கடக்கத் தடை, ஆழமான நீர், விளக்கில்லாத பகுதி. பாதை நெடுஞ்சாலையில் முடியும் இடத்தில் மிதிவண்டி ஓட்டுபவர் நின்று பார்க்கும்படி ஒரு பலகை இருப்பது மிக முக்கியம்.

பலகையின் எல்லை

பலகை சாலையமைப்புக்கு மாற்றாகாது. ஐஆர்சி 11 என்ற 1962ஆம் ஆண்டு வழிகாட்டி, உச்ச நேரத்தில் மணிக்கு 400 அல்லது அதற்கு மேற்பட்ட மிதிவண்டிகள் செல்லும் சாலையில், மோட்டார் வாகனங்கள் மணிக்கு 100 முதல் 200 வரை இருந்தால் தனித்தடம் அமைக்கலாம் என்றது. மோட்டார் வாகனங்கள் 200ஐத் தாண்டினால், மணிக்கு 100 மிதிவண்டிகள் இருந்தாலே தனித்தடம் தகும் என்றும், தடத்தின் குறைந்தபட்ச அகலம் 2 மீட்டர் என்றும் அது கூறியது. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே பொறியாளர்கள் வகுத்த இந்த அளவுகோலை வைத்து ஷிப்டு மாறும் நேரத்தில் எண்ணிப் பார்த்தால், எந்தச் சாலைக்குப் பலகை போதும், எதற்குத் தனித்தடம் வேண்டும் என்பது தெரியவரும்.

வேகமும் அவ்வாறே. சராசரி வேகம் 1 விழுக்காடு கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு 4 விழுக்காடு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மணிக்கு 40 கி.மீ. என்று பலகை சொல்ல, சாலை நேராகவும் அகலமாகவும் 80ஐ அழைத்தால், ஓட்டுநர் சாலையின் பேச்சைத்தான் கேட்பார். ஒலியெழுப்பும் தரைப்பட்டைகள், கடக்கும் இடத்தை உயர்த்தி அமைத்தல், தடத்தைக் குறுக்குதல் ஆகியவை பலகையின் சொல்லை மெய்யாக்குகின்றன. நீல வட்டப் பலகை வைத்த மிதிவண்டித் தடத்தில் லாரிகள் நிறுத்தப்பட்டிருந்தால், அப்பலகை பயனற்றதாவதோடு, மற்ற பலகைகள் மீதுள்ள நம்பிக்கையையும் கெடுக்கிறது.

பொறுப்பும் பராமரிப்பும்

ஒரே பயணத்தில் மிதிவண்டி பல அமைப்புகளின் சாலைகளைக் கடக்கிறது. மாநில நெடுஞ்சாலைகள் நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தவை. திருப்பெரும்புதூர் வழியே செல்லும் சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்தின் கீழ் உள்ளது. தொழிற்பூங்காவின் உட்சாலைகள் சிப்காட் நிறுவனத்தைச் சேர்ந்தவை. ஊர்ச்சாலைகள் ஊராட்சி ஒன்றியத்தையும் ஊராட்சியையும் சேர்ந்தவை. இவை கூடும் சந்திப்புகளில்தான் பலகை விடுபட வாய்ப்பு அதிகம். இவற்றை ஒரே மேசையில் அமர்த்தும் இடம் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு.

இக்குழுக்கள் வலுப்பெற்றதில் கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பியல் அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்குக்குப் பங்குண்டு. அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் முன்னாள் நீதிபதி கே. எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது; 2017 நவம்பரில் மாவட்டக் குழுக்கள், சாலைப் பாதுகாப்புத் தணிக்கை உள்ளிட்டவை குறித்து ஆணைகள் பிறப்பித்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 198ஏ பிரிவு, சாலை வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்புத் தரங்களைப் பின்பற்றத் தவறி உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது.

நட்ட பலகை பல வழிகளில் செயலிழக்கிறது. சுவரொட்டி ஒட்டப்படுகிறது, விளம்பரத் தட்டி மறைக்கிறது, வேப்பங்கிளை வளர்ந்து மூடுகிறது, லாரி உரசிக் கம்பம் சாய்கிறது, இரும்புக்காகத் தகடு திருடப்படுகிறது. சாலைக் குறியீட்டை மறைக்கும் விளம்பரத்தை அகற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 116ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. குறியீட்டை வேண்டுமென்றே அகற்றுவதையும் சிதைப்பதையும் அதே பிரிவு தடை செய்கிறது. ஒவ்வொரு கம்பத்துக்கும் ஓர் எண் இட்டால், பழுதைத் தெரிவிப்பவர் இடத்தை விவரிக்க வேண்டியதில்லை. எண்ணைச் சொன்னால் போதும்.

பள்ளி மாணவர்களும் தொழிலாளர்களும் இதில் பங்கேற்க எளிய வழி உண்டு. தாம் அன்றாடம் செல்லும் வழியை ஒரு முறை பகலிலும் ஒரு முறை இரவிலும் பார்த்து, கடக்கும் இடங்கள், பலகை உள்ள இடங்கள், மறைந்த பலகைகள், தயங்கி நிற்க நேரும் இடங்கள் ஆகியவற்றை ஒரு வரைபடத்தில் குறிக்கலாம். அதை ஊராட்சியின் கிராம சபைக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானமாக்கி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பலாம். 'சாலை ஆபத்தாக உள்ளது' என்ற பொது மனுவைவிட, இன்ன சந்திப்பில், இன்ன திசையில், 120 மீட்டருக்கு முன் ஒரு பலகை இல்லை என்ற மனு அலுவலரின் கையில் ஒரு வேலையாகவே போய்ச் சேரும்.